யூத ஆலயங்களின் பசுமை முயற்சி: கட்டடம் சரி, தட்டுதான் தலைவலி

கேள்வி: யூத ஆலயங்களும் சமூக நிலையங்களும் சுற்றுச்சூழலுக்காக உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா, இல்லை பிரசங்கத்தோடு சரியா?

செய்கிறார்கள். அமெரிக்காவில் எல்லாரும் காட்டும் உதாரணம், சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் ஜூயிஷ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனிஸ்ட் சபையின் ஆலயம். 2008-இல் கட்டியது. பழைய கட்டடத்தின் இடிபாடுகளைக் கம்பிவலைக் கூடைகளில் நிரப்பிச் சுவராக எழுப்பினார்கள், பழைய மரப்பலகைகளை வெளிப்புறத்தில் பதித்தார்கள். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழில் உச்சமான பிளாட்டினத்தை அந்நாட்டில் முதலில் வாங்கிய வழிபாட்டிடம் அதுதான்.

இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பழையது. நகரத்தை முற்றுகையிட்டாலும் பழமரங்களை வெட்டாதே என்கிறது அவர்களுடைய வேதத்தில் உள்ள உபாகமம் நூலின் 20-ஆம் அதிகாரம். எதையும் வீணாக அழிக்கக் கூடாது என்று பிற்கால யூத மதகுருக்களான ரபிகள் அதை விரித்தார்கள்.

ஆனால் கட்டடம் ஒருமுறை வேலை. வாராவாரம் தொல்லை தருவது சாப்பாட்டுத் தட்டு. நண்பர் அழைத்துச் சில சனிக்கிழமைகளில் தொழுகைக்குப் பிந்தைய மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். பை பையாக யூஸ் அண்ட் த்ரோ தட்டுகள் குப்பைக்குப் போகும். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. யூதர்களின் உணவுக் கட்டுப்பாடான கோஷர் விதிப்படி இறைச்சிக்கும் பால் உணவுக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும். போதாததற்கு, விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில், அன்று திரும்பத் தேவைப்படாத தட்டை ஓய்வுநாள் (வெள்ளி மாலை தொடங்கிச் சனி இருட்டும்வரை, வேலை செய்யக் கூடாத நாள்) முடியும்வரை கழுவக் கூடாது, பாத்திரம் கழுவும் மெஷினையும் போடக் கூடாது. இருநூறு எச்சில் தட்டுகளைச் சனிக்கிழமை இருட்டிய பிறகு யார் கழுவுவது?

விளக்குக்கும் இதே சிக்கல். அன்று சுவிட்சைத் தொட முடியாது. டைமர் வைக்காவிட்டால் வெள்ளி மாலை போட்டது சனி இரவுவரை எரியும். (அதே விதியால் காரும் ஓட்டாமல் நடந்தே வருகிறார்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

என் பார்வையில் நல்ல வழி, சமையலறையை முழுக்கப் பால் உணவுக்கென்று மாற்றிவிடுவது. சில சபைகளில் அப்படித்தான். ஒரே செட் பீங்கான் தட்டு போதும். கழுவ ஆள் மட்டும் ஏற்பாடு செய்தால் சரி. மீன் இறைச்சிக் கணக்கில் வராததால் அதுவும் உண்டு. மாட்டிறைச்சி போவதால் கார்பன் கணக்கும் குறையும். எதிர்ப்பு வருவது சோலெண்ட் பிரியர்களிடமிருந்துதான். வெள்ளி இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகும் இறைச்சிக் குழம்பு அது. இறைச்சி போடாத சோலெண்ட்டையும் சாப்பிட்டுப் பார்த்தேன். பார்லியும் பீன்ஸும் குழைந்து நன்றாகவே இருந்தது.