விபத்தும் வலது கையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு லேத் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கடைசல் வேலை பார்த்தேன். எட்டு மாதங்களுக்கு முன், இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது சூலூர் அருகே தவறான பக்கத்தில் வந்த கார் மோதியது. ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலை தப்பியது. ஆனால் தோள் தரையில் அடித்ததில் வலது கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன. நான்காவது மாதம், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள நரம்புகளை எடுத்துக் கையில் இணைத்தார்கள். முழங்கை மடங்க வாய்ப்பிருக்கிறது, விரல்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். இதுவரை அசைவில்லை. இரவில் கை தீயாய் எரிகிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்கிறார்கள். மைக்ரோமீட்டர் வைப்பதற்கு முன்பே விரல் நுனியில் அளவு தெரிந்த கை ஐயா இது. போன மாதம் மருதமலையில் விபூதி வாங்க இடது கையை நீட்டினேன். குருக்கள் தயங்கினார். என் மனைவி குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை.

இழப்பீட்டு வழக்குக்காக மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கச் சொல்கிறார் வழக்கறிஞர். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வாங்கினால், கை வராது என்று நானே எழுதிக்கொடுத்ததாகிவிடாதா? சதவீதம் குறைவாகப் போட்டால் பணமும் குறையும் என்கிறார்கள். ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள் என்கிறார்கள். எப்படி ஏற்றுக்கொள்வது?

பெயர் வேண்டாம்,
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ரத்தக்கறையோடு உங்களை ஸ்ட்ரெச்சரில் பார்த்தவர்கள், உயிரோடு வீடு திரும்பிய நிம்மதியில் அந்தப் பழமொழியைச் சொல்கிறார்கள். அந்த நிம்மதியில் பொய்யில்லை. அதற்காக நீங்களும் சேர்ந்து தலையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இறந்தவர்களுக்குத் துக்கம் விசாரிக்க ஊரே வருகிறது; ஒரு கைக்குத் துக்கம் விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நீங்கள் இழந்து நிற்பது பன்னிரண்டு ஆண்டுத் தொழில் குடியிருந்த விரல்களை. அதற்காக அழலாம், கோபப்படலாம். எவரும் அதைத் தவறென்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

ஆனால், ஏற்றுக்கொள்வது என்றால் நம்பிக்கையைக் கைவிடுவது என்று நினைக்கிறீர்கள். அதை மறுக்கிறேன். உங்கள் சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். கடைசல்காரருக்கு அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது புஜத்தின் தசைக்குள் போய்ச் சேர்ந்து உயிர்பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களில் அசைவில்லை என்பதால் அது தோற்றுவிட்டதாக முடிவுகட்டாதீர்கள். முதல் அசைவு வரும்போதும் விசித்திரமாகத்தான் வரும். மூச்சை ஆழமாக இழுக்கும்போதோ இருமும்போதோ புஜத்தில் தசை துடிக்கும். மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த நரம்பு அல்லவா, இடம் மாறிய பிறகும் பழைய வேலையை மறக்காது. ஆரம்பத்தில் முழங்கையை மடக்க மூச்சை இழுக்க வேண்டியிருக்கும். பயிற்சி தொடரத் தொடர, மூச்சின் துணையில்லாமலே மடக்க மூளை பழகிக்கொள்ளும்.

அதுவரை தோளும் முழங்கையும் விரல் கணுக்களும் இறுகிவிடக் கூடாது. தினமும் இடது கையால் வலது கையின் ஒவ்வொரு விரலையும் நீட்டி மடக்கிவிட வேண்டும், பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி. கையைப் பார்க்கவே மனமில்லாமல் ஒதுக்கி வைத்திருந்தால் மூட்டுகள் கெட்டித்துப்போகும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அசைப்பது கடினம். இன்றைக்கு இந்தக் கை இப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவரால்தான் நாளைக்காக அதைப் பாதுகாக்க முடியும். நான் ஏற்றுக்கொள்வது என்று சொல்வது இவ்வளவுதான். மனம் முழுவதும் சமாதானமாகிவிட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

கட்டளையிட்டால் மனம் கேட்பதும் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராகப் பெயர்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரனிடம் ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் உங்களைப் போலவே கையின் நரம்புகள் அறுந்தவர். ஓராண்டு அசைவில்லாமல் தொங்கிய கையைப் பிறகு அகற்றிவிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்தும் இல்லாத அந்தக் கை உறைந்துபோய்க் கிடப்பதாகவே அவர் உணர்ந்தார், வலியும் போகவில்லை. ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இல்லாத கை அசைவதை அவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு உணர்ந்தார். இதை நான் சொல்வது கையை அகற்றும் யோசனைக்காக அல்ல. எரிச்சல் உங்கள் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காக. நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது. கண்ணாடிப் பயிற்சி உங்களுக்கு உதவுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

மருதமலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த இடம்தான். வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம் செய்து, செருப்புக் காலை இறைவன் கண்மீது வைத்த கண்ணப்பரை நாயனாராக வணங்குகிற மரபு நம்முடையது. அங்கே ஒரு மனிதர் தன்னிடம் மிஞ்சிய கையை நீட்டினால் அபசாரமா? மறுபடியும் போங்கள். மனைவியை முன்கூட்டியே தடுத்துவிட்டு, இடது கையை நீட்டுங்கள். குருக்கள் தயங்கினால் ‘சாமி, வலது கை வேலை செய்யாது’ என்று சொல்லுங்கள். வீட்டில் இடது கையால் சாப்பிடத் தயக்கம் இருந்தால் அதற்கும் இதுதான் பதில். பெரியவர்கள் பார்வைக்குப் பயந்து ஊட்டிவிடச் சொல்லிக்கொண்டிருந்தால் இடது கை எப்போது பழகும்?

இனி சான்றிதழ். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகளில், குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாறக்கூடும் என்றால், எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்று குறிப்பிட்டே சான்றிதழ் தர வழியிருக்கிறது. கை வரலாம் என்ற உங்கள் நம்பிக்கைக்குச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. வாங்குங்கள்.

சதவீதம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் குறைபாட்டின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் அவருடைய தொழில் முழுவதும் போகலாம். அதே இழப்பு ஓர் அலுவலக எழுத்தருக்கு வருமானத்தைக் குறைக்காமலும் போகலாம். உங்கள் தொழில் எது என்பதை வைத்துத்தான் தீர்ப்பாயம் கணக்கிட வேண்டும். இந்தத் தீர்ப்பின் பெயரை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். பட்டறை முதலாளி சாட்சி சொல்ல வருவாரா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். லேத்தில் வலது கை என்னென்ன செய்யும் என்பதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல, வேலை தெரிந்த ஒருவர் வேண்டும்.

அன்புடன்.