கொம்பும் மூக்கும் கிமோனோ மடிப்பும்: ஜப்பானியப் பேய் உருவங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஹன்னியா முகமூடி வாங்கி மாட்டினேன். இந்த அசுரன் படத்தில் சோகமாகத் தெரிந்தான், சுவரில் வெறும் கோபம்தான் தெரிகிறது. ஏன்?

பதில்: அசுரன் இல்லை, பெண். பொறாமையிலும் ஏமாற்றத்திலும் வெந்து கொம்பு முளைத்தவள். ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோவுக்காக ஹினோக்கி மரத்தில் செதுக்கி, சிப்பித்தூளைப் பசையில் குழைத்துப் பூசிச் செய்வார்கள். கண்ணில் மின்னும் பொன்னிறம், அவள் மனித நிலையைக் கடந்துவிட்டாள் என்பதற்கான அடையாளம். புருவத்தைக் கவனியுங்கள்: நெறித்து, அழப்போகிறவள் புருவம் போலவே இருக்கும். நடிகர் முகத்தைச் சற்றுத் தாழ்த்தினால் அந்த அழுகை தெரியும், நிமிர்த்தினால் வாயும் கோரைப்பல்லும் முந்திக்கொள்ளும். உங்கள் முகமூடி அண்ணாந்து இருக்கிறது. மேல்விளிம்பு கொஞ்சம் முன்னால் சாயும்படி பின்பக்கம் ஒரு கட்டை வையுங்கள். கொம்பு குட்டையாக இருந்தால் அது நமனாரி, பாதி மாறியவள்.

கேள்வி: அக்கா, யூரெய், அதாவது இறந்தவரின் ஆவி, வரைகிறேன். எதில் தப்பு வரும்?

பதில்: மடிப்பில்தான், தம்பி. உயிரோடு இருப்பவர் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவார், இறந்தவருக்கு வலப்பக்கம் மேலே வரும். இடம் வலம் உடுத்தியவருடையது, பார்ப்பவருடையது அல்ல. கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பினால் பேய் பிழைத்துவிடும், பக்கத்தில் நிற்கும் பெண் செத்துவிடுவாள்! வெள்ளை உடை, அவிழ்ந்த கூந்தல், மணிக்கட்டிலிருந்து தொங்கும் கைகள், நெற்றியில் முக்கோணத் துணி. பாதம் வேண்டாம். பாதமில்லாப் பேயை ஓவியர் மாருயாமா ஓக்யோ (1733–1795) தொடங்கிவைத்தார் என்பது வழிவழிப் பேச்சு.

கேள்வி: ஓனி என்கிற பூதத்துக்கு ஏன் மாட்டுக்கொம்பும் புலித்தோலும்?

பதில்: திசைதான் காரணம் என்பார்கள். தீயவை நுழையும் வடகிழக்குக்குப் பழைய திசைக் கணக்கில் 'உஷிதோரா' என்று பெயர். உஷி மாடு, தோரா புலி. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் செட்சுபுன் நாளில் ஓனியை விரட்ட வீசும் சோயா பயறு வறுத்ததாகத்தான் இருக்க வேண்டும். வறுக்காத பயறு எங்காவது கிடந்து முளைத்தால் கேடு என்பது நம்பிக்கை.

கேள்வி: தெங்கு என்கிற மலைப் பூதத்துக்கு அலகா, நீள மூக்கா?

பதில்: இரண்டும் உண்டு. அலகு உள்ளது காகத் தெங்கு. சிவந்த முகமும் நீள மூக்கும் பெரிய தெங்குவுக்கு.

கேள்வி: நமஹகேயும் ஓனிதானே?

பதில்: முகமூடி அப்படித்தான் இருக்கும். ஆனால் அகிதா மாநிலத்தின் ஓகா பகுதியில் அது வீடு தேடி வரும் தெய்வம். டிசம்பர் 31 இரவு சோம்பேறிகளை அதட்டிக்கொண்டு வரும், வீட்டார் உணவும் சாக்கே என்கிற அரிசி மதுவும் வைத்து உபசரிப்பார்கள். அதன் வைக்கோல் ஆடையிலிருந்து உதிரும் துரும்பை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டால் நோய் அண்டாதாம்.