கடலுக்குள் நகரும் சென்சார் எங்கே? வாசகர் கேள்விகள்

கேள்வி: நீரோட்டத்தோடு நகரும் சென்சார்களைக் கடலுக்குள் விட்டிருக்கிறோம். மேலே ஜிபிஎஸ் பொருத்திய மூன்று மிதவைகள். அவை குறித்த நேரத்தில் அனுப்பும் ஒலி சென்சாருக்கு எப்போது வந்துசேர்கிறது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறோம். முதல் நாள் பரவாயில்லை. மறுநாளே நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டுகிறது. ஏன்?

பதில்: சென்சாருக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நேரம் ஒரு மில்லி விநாடி பிசகினால் தூரம் ஒன்றரை மீட்டர் பிசகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே தவறும் நல்ல கடிகாரம்கூட ஒரு நாளில் 86 மில்லி விநாடி விலகிவிடும்; அதுவே 130 மீட்டர். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது, இல்லையா?

ஒருவழி நேரத்தை விட்டுவிட்டு, போய்வரும் நேரத்தை அளவிடுங்கள். சென்சார் கூப்பிடட்டும், மிதவை பதில் சொல்லட்டும். புறப்பட்ட நேரம், பதில் வந்த நேரம் இரண்டையும் ஒரே கடிகாரம் குறிப்பதால் பழைய பிசகு கழிந்துவிடும். மொத்தம் 3.10 விநாடி ஆனது, மிதவை பதில் சொல்ல எடுத்தது 0.50 என்றால், மீதி 2.60, அதில் பாதி 1.30 விநாடி. இதை 1,500 ஆல் பெருக்கினால் 1,950 மீட்டர். ஆனால் 28 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் ஒலிவேகம் 1,541 அளவில் இருக்கும். அப்போது தூரம் 2,003 மீட்டர். 53 மீட்டர் இப்படியே காணாமல் போகும். நீரின் வெப்பநிலையை ஆழவாரியாக அளக்காமல் மற்றதைச் சீர்செய்வதில் பயனில்லை.

ஆழத்தை ஒலியில் தேடாதீர்கள். அழுத்த சென்சாரே சொல்லிவிடும். ஆழம் தெரிந்தால், மிதவைக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள சாய்வுத் தூரத்திலிருந்து கிடைமட்டத் தூரம் கிடைக்கும், மூன்று மிதவைகள் போதும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றால் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. ஒவ்வொரு மிதவையையும் கூப்பிட 4 விநாடி ஆனால், விநாடிக்கு அரை மீட்டர் நீரோட்டத்தில் ஒரு சுற்றுக்குள் சென்சார் 6 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேட்டரி தீர்ந்துவிடும் என்றால், சென்சார் மிதவைகளின் ஒலியைக் கேட்பதோடு நிற்கட்டும். கடிகாரப் பிசகையும் தெரியாத எண்ணாகச் சேர்த்துத் தீர்க்கலாம். அதற்கு நான்காவது மிதவை இருந்தால் நல்லது.

கேள்வி: தூரம் திடீரென்று 30 மீட்டர் கூடுகிறது, பிறகு பழையபடி ஆகிறது. சராசரி எடுத்தும் சரியாகவில்லை.

பதில்: ஆகாது. அது நீர்ப்பரப்பிலோ கடல்தரையிலோ பட்டுத் திரும்பிய ஒலி. சுற்றிவந்த ஒலி தூரத்தைக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. சராசரி எடுத்தால் பிழையும் சேர்ந்தே வரும். ஒலியை அனுப்பிப் பெறும் கருவிகளான மோடம்கள் பலவும் மிக உரத்த ஒலித்துடிப்பைப் பிடிக்கின்றன. நமக்கு வேண்டியது முதலில் வந்த துடிப்பு. வெப்ப அடுக்குகளில் நேர்ஒலி வளைந்து, சென்சாரை எட்டாமலே போவதும் உண்டு. அப்போது எதிரொலி மட்டுமே கேட்கும். முந்தைய இடத்திலிருந்து நீரோட்டம் கொண்டுபோகவே முடியாத தூரத்தைக் காட்டும் அளவீட்டை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: சென்சாரிலேயே ஜிபிஎஸ் வைத்தால் என்ன?

பதில்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலை கடல்நீரில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். மேலே வந்தால்தான் வேலை செய்யும். உலகக் கடல்களை அளக்கும் ஆர்கோ திட்டத்தின் மிதவைகள் அப்படித்தான்: சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை மேலே வந்து இடத்தைச் சொல்கின்றன. நடுவில் எந்த வழியாகப் போயின என்பது பொதுவாகத் தெரியாது.