குருத்து பச்சையாக இருக்கிறதா? – கடிதம்

அன்புள்ள சாருக்கு,

நீலகிரிப் புல்வெளியில் பார்த்த பூச்சி பிடிக்கும் செடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மூன்று முறை படித்தாள். பிறந்தநாளுக்கு அந்த மாதிரிச் செடிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆன்லைனில் வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கிக் கொடுத்தேன். அதன் இலை நுனிகள் வாய் மாதிரி மூடிப் பூச்சியைப் பிடிக்குமாம். 'வீட்டில் கொசுவே இருக்காது' என்று போட்டிருந்தார்கள். சின்னத் தொட்டியில் வந்தது. நன்றாக வளரட்டும் என்று செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நாங்கள் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். பூச்சி எதுவும் விழவில்லை என்று மகள் கோழிக்கறியைக் கிள்ளி வைத்தாள். இப்போது ஐந்து வாய்களில் மூன்று கறுத்துவிட்டன. கறி வைத்தது நாறுகிறது. தான் கொன்றுவிட்டதாக அவள் அழுகிறாள். கறி தின்கிற செடி வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு என்கிறார் என் அம்மா. என்ன செய்யட்டும்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

மகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அவள் கறி வைத்ததால் செடி சாகாது. அந்த ஒரு வாய் அழுகும், அவ்வளவுதான். செடிக்கு ஆபத்து நீங்கள் ஆசையாகப் போட்ட மண்ணிலும் உரத்திலும் இருக்கிறது. அதை இன்றே மாற்றுங்கள். காரணத்தை அப்புறம் பேசலாம்.

செடியை மண்ணோடு எடுத்து, மழைநீரிலோ ஏசியிலிருந்து சொட்டும் நீரிலோ வேரை அலசுங்கள். செம்மண் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (வெள்ளையான, லேசான கல் பொரி) சரிபாதி கலந்து நடுங்கள். இரண்டும் பெரிய நர்சரிகளில் கிடைக்கும். நம் ஊரில் பீட் மாஸ் கேட்டால் பலர் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் உப்பு இருக்கும், பலமுறை ஊறவைத்துப் பிழியாமல் போடாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டி போதும். தொட்டியை ஒரு தட்டில் வைத்துத் தட்டில் விரல் கனத்துக்கு நீர் நிற்கட்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கொசுவை ஒழிக்க வாங்கிய செடியின் தட்டிலேயே டெங்கு கொசு முட்டையிடும்.

கொசு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த விளம்பரம் பொய். பிறந்த மண்ணில் இந்தச் செடிக்கு அதிகம் கிடைப்பவை எறும்பும் சிலந்தியும். பறக்கும் பூச்சி மிகக் குறைவு. ஒரு குழந்தையின் ஆசையை வைத்து இப்படி விற்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அந்தப் பிறந்த மண் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலகத்திலேயே இதற்குப் பூர்வீக இடம் ஒன்றுதான்: அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரத்தில், வில்மிங்டன் நகரைச் சுற்றிய ஈரமான மணல் காடுகள். மழை விழுந்து விழுந்து சத்தெல்லாம் கரைந்துபோன, அமிலத்தன்மை உள்ள மண் அது. வேருக்குத் தழைச்சத்து கிடைக்காது. அதனால்தான் இலையே பொறியானது.

உங்கள் அம்மா வயல்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அவருக்கு இது சட்டென்று புரியும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள் அல்லவா? ஆட்டுப் புழுக்கையைத் தின்றா நெல் விளைகிறது? நெல் வெயிலில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது, கிடை அதற்கு எரு. இந்தச் செடியும் அப்படியே. வெயிலில்தான் சமைக்கிறது. பூச்சி அதற்குக் கிடை. கிடை போட ஆளில்லாத மண்ணில் பிறந்ததால் தானே பிடித்துக்கொள்கிறது. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

எனவே டிவி பக்கத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள். பூச்சி ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் அது பல மாதம் இருக்கும். வெயில் இல்லாமல் இருக்காது. மாடியிலோ பால்கனியிலோ காலை வெயில் நான்கைந்து மணி நேரம் நேராகப் படட்டும். உச்சி வெயிலுக்குப் பச்சை வலை கட்டுங்கள், திருச்சியின் சித்திரை வெயிலை அது தாங்காது. வெளியே வைத்தால் எறும்பு தானாக வந்து சேரும்.

கோழிக்கறி ஏன் அழுகியது என்று உங்கள் மகளுக்கு விளக்க வேண்டும். இது அவளுக்கு மிகவும் பிடிக்கும். வாயின் இரண்டு மடல்களிலும் உள்பக்கம் மும்மூன்று மயிர்கள் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை தொட்டால் மூடாது. சுமார் இருபது நொடிக்குள் இரண்டாவது முறை பட்டால்தான் மூடும். விழுந்தது மழைத்துளியா உயிருள்ளதா என்று பார்க்கிறது. மூடிய பிறகும் எண்ணிக்கை நிற்பதில்லை. உள்ளே மாட்டிய பூச்சி துள்ளத் துள்ள மயிரில் படுகிறது. ஐந்து முறைக்கு மேல் பட்டால்தான் செரிக்கும் நீர் முழுவீச்சில் சுரக்கிறது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதை 2016-ல் காட்டினார்கள். செத்த கறி துள்ளுமா? கணக்கு இரண்டோடு நின்றுபோகும். வாய் இறுக ஒட்டாது, உள்ளே காற்றும் கிருமியும் புகுந்து அழுகிவிடும். வேடிக்கைக்காக அடிக்கடி தொட்டு மூடவைத்தாலும் செடிக்கு வீண் செலவுதான். ஒரு வாய் சில முறைதான் மூடித் திறக்கும், பிறகு தானாகவே கறுத்துவிடும்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். டார்வினும் இதையேதான் செய்தார். பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-ல் புத்தகம் போடுவதற்கு முன் அவர் இந்த மாதிரிச் செடிகளின் இலைகளில் கறித்துண்டு, முட்டையின் வெள்ளைக்கரு என்று வைத்து வைத்துப் பார்த்தார். அவர் மகன் பிரான்சிஸ், வாய் மூடாமல் இலையின் பசையால் பூச்சி பிடிக்கும் ட்ரொசெரா செடிகளில் ஒரு பாதிக்குக் கறி கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் விட்டார். கறி கிடைத்தவை அதிகம் விதை வைத்தன. உங்கள் மகள் நல்ல வரிசையில்தான் நிற்கிறாள்.

இனி தண்ணீர். இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். என் முதல் செடிக்குக் கேன் தண்ணீர் ஊற்றினேன். குடிக்கிற தண்ணீர்தானே, சுத்தமானதுதானே என்ற நினைப்பு. இரண்டாவது மாதம் தொட்டியின் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் படிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அடுத்த வாரம் புது இலைகள் நுனி பழுப்பாகவே விரிந்தன. மூன்றாவது மாதம் செடி இல்லை. பிறகுதான் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் 1,140 காட்டியது. கேன் தண்ணீர் 95. மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் 14. இந்தச் செடிக்கு 50-க்குள் இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. எந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அதனால் உங்கள் தண்ணீரையும் அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஐப்பசி மழையில் நான்கு குடம் பிடித்து மூடி வைத்தால் பல மாதத்துக்குக் காணும்.

இனிச் சொல்வது கொஞ்சம் வருத்தமானது. கரோலினாவில் குளிர்காலம் உண்டு. மூன்று நான்கு மாதம் இந்தச் செடி இலைகளைச் சுருக்கிக்கொண்டு தூங்கும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் நலிந்துகொண்டே போகும். திருச்சியின் மார்கழி அதற்குப் போதாது. செடியை எடுத்து, ஈரப்பாசியில் சுற்றி, பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் கார்த்திகையிலிருந்து மாசிவரை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் பிழைத்தது. செய்து பாருங்கள், ஆனால் முயற்சிதான் என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பிறந்தநாளுக்கு நெப்பந்தஸ் வாங்கிக் கொடுங்கள். இலை நுனியில் குடுவை தொங்குமே, அது. வெப்பநாட்டுச் செடி, தூக்கம் கேட்காது. நர்சரியில் வளர்த்த கலப்பின ரகங்கள் நம் ஊரில் தொங்கும் தொட்டியில் நன்றாகவே வருகின்றன. வெயில் வடிகட்டி வர வேண்டும், காற்றில் ஈரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை மட்டும் வரும், குடுவை வராது. வேர் நீரில் நிற்கக் கூடாது, ஃப்ளைட்ராப்புக்கு நேர் எதிர். ஒன்றே ஒன்று: மேகாலயாவின் காசி மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா என்ற இனம் அழியும் நிலையில் இருப்பது. காட்டிலிருந்து பிடுங்கி விற்கிறார்கள் என்று சந்தேகம் வந்தாலே வாங்காதீர்கள். உங்கள் ஃப்ளைட்ராப்புக்கும் இதே கதைதான். வட கரோலினாவில் அதைக் காட்டிலிருந்து திருடுவது 2014-லிருந்து பெருங்குற்றம்.

மண் மாற்றும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேர் கன்னங்கரேல் என்று இருக்கும். அழுகிவிட்டது என்று நறுக்கிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான். கறுத்த வாய்களை மட்டும் கத்தரியுங்கள். பிறகு நடுவில் பாருங்கள், வெள்ளைக் கிழங்கிலிருந்து சுருண்டபடி ஒரு குருத்து எட்டிப் பார்க்கும். அது பச்சையாக இருக்கிறதா என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்