குழந்தையை இழந்து மீண்டும் கர்ப்பமான என் தங்கை சந்தோஷமாகவே இல்லை. இது இயல்புதானா? நான் என்ன செய்யலாம்?

இயல்புதான். எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவர், இப்போது ஐந்தாம் மாதம், ஸ்கேன் நன்றாக வந்தும் யாருக்கும் சொல்லக்கூடாது என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கும் முதல் குழந்தை எட்டாம் மாதம் தாண்டித்தான் போனது. அடுத்துப் பிறந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

உங்கள் தங்கைக்கு இந்தக் குழந்தை மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்பட்டு, இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். ‘துடிப்பு நல்லா இருக்கும்மா’ என்று டாக்டர் சொல்லும் நிம்மதி எனக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைதான் நிற்கும். ஆட்டோவில் ஏறும்போதே, அடுத்த ஸ்கேன் வரை எப்படி ஓட்டுவது என்ற கவலை வந்துவிடும். போன தடவை எந்த வாரத்தில் நடந்ததோ அந்த வாரம் நெருங்க நெருங்க இது கூடும். அந்த நாட்களில் முடிந்தால் கூடவே இருங்கள்.

செக்கப்புக்குத் துணைக்குப் போனால் ஃபைலைப் பாருங்கள். ஜி2 பி1 எல்0 என்று இருக்கும். இரண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, உயிரோடு குழந்தை இல்லை என்று அர்த்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து அம்மா கேட்பார்: ‘தலைப்பிரசவமா?’ ஆமாம் என்றால் பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்ன மாதிரி. இல்லை என்றால் உடனே, ‘மூத்தது பையனா பொண்ணா?’ நான் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வேன். உங்கள் தங்கையும் அப்படியே செய்யட்டும்.

வீட்டில் ஒரு வார்த்தை கட்டாயம் வரும்: ‘அதே குழந்தைதான் திரும்பி வந்திருக்கு.’ அன்பாகத்தான் சொல்வார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அது வேறு பிள்ளை, இது வேறு பிள்ளை. முதல் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால், அவர் பேச விரும்பும்போது அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். வளைகாப்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நான் மறுத்தபோது என் மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு டஜன் கண்ணாடி வளையலைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மருத்துவ விஷயத்தில் நீங்கள் நிஜமாகவே உதவலாம். போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, நஞ்சுக்கொடியையோ குழந்தையையோ பரிசோதித்திருந்தால் அந்த ரிப்போர்ட், எல்லாவற்றையும் இப்போதைய டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி இதையெல்லாம் எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 28 வாரத்துக்கு மேல் அசைவைக் கவனிக்கச் சொல்வார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணினால் 2 மணி நேரத்துக்குள் 10 அசைவாவது தெரிய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதைவிட முக்கியம், வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புவது. ‘மாசம் ஏறினா இடம் பத்தாது, அசைவு குறையும்’ என்று சொல்வதை நம்பவே கூடாது. அசையும் விதம் மாறலாம், ஆனால் கடைசிவரை அசைய வேண்டும். வீட்டிலேயே குழந்தையின் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் விற்கும் டாப்ளர் கருவியும் வேண்டாம். தாயின் நாடித்துடிப்பையே குழந்தையினுடையது என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். சும்மா பயந்து ஓடி வருகிறார் என்று யாராவது முகம் சுளித்தால் நீங்கள் முன்னால் நின்று பேசுங்கள்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் அழுகை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரி ஏதாவது சொன்னால் தனியாக விடாமல் அன்றே கூட்டிப்போங்கள்.

அப்புறம், பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் பெண்ணைக் கையில் வாங்கியபோதுதான், முதல் குழந்தையிடம் எதையெல்லாம் இழந்தேன் என்பதே முழுசாகத் தெரிந்தது. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். உங்கள் தங்கைக்கும் அப்படி இருக்கலாம். முதல் சில மாதம் ராத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ நீங்களோ மாறி மாறி இருக்க முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள்.