தம்பி அழக்கூடாது, நான் விளையாடக்கூடாது

மேடம்,
எனக்கு 16 வயது, தம்பிக்கு 14. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் பள்ளி விட்டு வருகிறோம். அவன் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு போனோடு உட்கார்ந்துவிடுவான், நான் பாத்திரம் கழுவி, துணி மடித்து, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடும்போது மணி ஒன்பது. வாலிபால் டீமில் இருந்தேன், "பெரிய பொண்ணாயிட்ட, இனி எதுக்கு" என்று நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் வாயாடி.

ஆனால் இப்போது பயம் தம்பியை நினைத்துத்தான். அவனுடைய உயிர் நண்பன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. வெளியே வந்தவன் கண்ணைப் பார்த்ததும் அப்பா, "என்னடா பொம்பளப்புள்ள மாதிரி" என்றார். அதிலிருந்து யாரிடமும் பேச்சில்லை, கூப்பிட்டால் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். அவன் மேல் எரிச்சலும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,
எரிச்சலும் பாவமும் சேர்ந்து வருவதில் தப்பே இல்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வீட்டில் போட்டு வைத்த அதே சட்டம்தான் உன் சாயங்காலத்தையும் அவன் அழுகையையும் பிடுங்கியிருக்கிறது.

முதலில் உன் விஷயம். 5 முதல் 14 வயது வரையுள்ள பெண் குழந்தைகள் அதே வயதுப் பையன்களைவிட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டுவேலை செய்கிறார்கள் என்று 2016இல் யுனிசெஃப் சொன்னது. அந்த நேரம் எங்கிருந்து வரும்? விளையாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும்தான். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அது குறைந்தால் சிடுசிடுப்பு வரும், அதற்கு வீட்டில் வைக்கிற பெயர்தான் வாயாடி. சிறு வயதில் மனச்சோர்வு பையன்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும், பருவம் எய்திய பிறகுதான் பெண்களிடம் சுமார் இரண்டு மடங்காகிறது. ஹார்மோன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது.

அதனால் ஒரு வாரம், பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை நீங்கள் இருவரும் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுது. அம்மா சாவகாசமாக இருக்கும்போது காட்டு. "அவன் மட்டும் சும்மா இருக்கான்" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். "வாரத்தில் ரெண்டு சாயங்காலம் எனக்கு வேண்டும், அன்றைக்குப் பாத்திரம் தம்பி" என்று ஒன்றே ஒன்றைக் கேள். உடனே சம்மதிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தாளில் இருப்பதை இல்லையென்று தள்ளுவது கொஞ்சம் கஷ்டம்.

இன்னொன்று கவனித்தாயா? பாத்திரம், துணி, பாட்டி மாத்திரையோடு தம்பியின் மனதைக் கவனிக்கிற வேலையும் உன் தலையில்தான் விழுந்திருக்கிறது. நீ அவனுக்கு அக்கா, அந்த அளவோடு நில். எதிரில் உட்கார்ந்து விசாரிக்காமல், பக்கத்தில் ஏதாவது செய்துகொண்டே "அவன் போனது உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு விட்டுவிடு. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வயதில் துக்கம் பல நேரம் அழுகையாக வராது, கோபமாகத்தான் வரும், அழுததற்குக் கேலி வாங்கிய பையனிடம் கேட்கவே வேண்டாம். நண்பனைப் பிரிந்த வருத்தம் மட்டுமாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கோபத்தோடு தூக்கம், சாப்பாடு, பிடித்த விளையாட்டு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் மாறிப்போயிருந்தால் அம்மாவிடம் சொல், மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூட்டிப்போக வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு. அப்பாவிடம் பேசுவதும் அம்மாவின் வேலை, உன்னுடையது இல்லை.

செத்துப்போகலாம் போல இருக்கு என்று அவன் ஒருமுறை சொன்னாலும், விளையாட்டுக்குச் சொன்னாலும், ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காதே, அவனைத் தனியாக விடாதே, அந்த நிமிடமே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். உனக்கே அப்படித் தோன்றினாலும் இதேதான்.