முழுநேரமாகத் தமிழ் ப்ளாக் எழுதி ஒரு வருடம் ஆகிறது. தொடரலாமா, வேலைக்குப் போகலாமா?

வேலையை விட்டுவிட்டு ப்ளாக் எழுத வந்தேன், ஒரு வருடம் முடிகிறது, விளம்பர வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, தொடங்கிய மாதத்தோடு ஒப்பிட்டால் படிப்பவர்களும் குறைந்திருக்கிறார்கள், அடுத்த வருடத்துக்கு என்ன திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கும். யாராவது ஒரு மாமா உங்களுக்கு வேலை பார்த்து வைத்திருப்பார். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நானாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் மதுரை. திருவிழா, கோவில் நடை நேரம், எந்த ஊருக்கு எந்த பஸ் ஸ்டாண்டில் ஏறுவது, எங்கே என்ன சாப்பிடலாம் என்பதுதான் என் ப்ளாக். 2024 சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் வேலையை விட்டேன். "இதெல்லாம் ஒரு தொழிலா" என்று கேட்பவர்கள் தாராளமாக வேறு பதிலுக்குப் போய்விடலாம். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு வருடக் கணக்கைப் பார்க்க 2025 ஏப்ரல் கடைசியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சான், தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். போன ஏப்ரலையும் இந்த ஏப்ரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகர் எண்ணிக்கைக் கோடு செங்குத்தாக இறங்குகிறது, கீழே சிவப்பு அம்புக்குறி. "பாதி கூட இல்லையே மாப்ள" என்றார். அன்று சாயங்காலமே விஷயம் மாமனார் காதுக்குப் போய்விட்டது. "தெரிஞ்ச கடையில கணக்குப் பார்க்க ஆள் கேக்குறாங்க மாப்ள, சும்மா போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். மரியாதையான மனிதர், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொன்னது ஒன்றுதான்: "மாமா, அழகர் இன்னும் மலையை விட்டே இறங்கல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2024 சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. 2025-ல் மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் வருடா வருடம் தேதி நகரும். 2024-ல் கொடியேற்றம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை எல்லாமே ஏப்ரலுக்குள் முடிந்துவிட்டன. 2025-ல் கொடியேற்றமே ஏப்ரல் 29-ல்தான். மதுரையைப் பற்றி எழுதுகிறவனின் ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டால் எப்படிச் சரியாக வரும்? மே 11 ராத்திரி, அழகர் எங்கே வந்துகொண்டிருக்கிறார், எந்தப் பாலத்தை அடைத்திருக்கிறார்கள், கோரிப்பாளையம் பக்கம் வண்டி விடுவார்களா என்று விடிய விடியத் தேடினார்கள். போன வருடத்தை விடவே அதிகம். மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, திட்டம் போடுவதற்கு முன்னால் உங்கள் ப்ளாக்குக்கு வருடம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பரீட்சைக் குறிப்பு எழுதுகிறவருக்கு அறிவிப்பு வரும் நாள், விவசாயம் எழுதுகிறவருக்கு விதைப்பு. எனக்குப் பங்குனியில் தொடங்கி மாசியில் முடிகிறது. தமிழ் மாதக் காலண்டரையும் ஆட்கள் எதைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று கூகுள் சர்ச் கன்சோல் காட்டும் தேடல் சொற்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதுதான் பல விஷயம் பிடிபட்டது. கூட்டம் வரும் மாதமும் காசு வரும் மாதமும் வேறு வேறு என்பது அதில் ஒன்று. தைப் பொங்கலுக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக்கு வாசகர்கள் குவிவார்கள். ஆனால் ஜனவரியில் விளம்பரக் கட்டணம் படுத்துவிடும், ஏனென்றால் கம்பெனிகள் தீபாவளிக்கும் வருடக் கடைசிக்கும் செலவழித்து முடித்திருப்பார்கள். அதே அளவு வாசகர்கள் ஐப்பசியில் வந்தால் கையில் நிற்பது அதிகம்.

மல்லிகைப்பூ விலையைத் தினமும் போட்டால் மார்கழி, தையில் ஆட்கள் வருவார்கள், சந்தேகமில்லை. பனிக்கு வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது ஊரே விலையைத் தேடும். மறுநாள் அந்தப் பதிவை எவரும் சீண்ட மாட்டார்கள். அதற்காக விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை, விட்டுவிட்டேன்.

காசு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ப்ளாக்கில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கு முன்னால் பத்து டாலரைத் தொட்டதும் வீட்டு விலாசத்துக்கு ரகசிய எண் வரும், அது வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். தமிழ்ப் பக்கத்தில் விழும் கிளிக்குக்கு ஆங்கிலப் பக்கத்தை விடக் குறைவாகத்தான் கிடைக்கும். எனக்கு விளம்பரத்தில் வருவது வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாக இருக்கும். அரிசி, பருப்பு எல்லாம் சுங்குடிச் சேலைக் கடைகளுக்கு எழுதிக் கொடுப்பதில் வருகிறது. எந்தச் சேலையில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது, எது அச்சு என்று விவரமாக எழுதித் தர ஆள் வேண்டியிருக்கிறது. என் ப்ளாக்கைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். "அப்படியென்றால் ப்ளாக்கால் பிழைக்கவில்லையே" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும்.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் தரும் வேலை இருக்கிறதே! "நீ சும்மாதானப்பா இருக்க, அத்தைய மாட்டுத்தாவணில தேனி பஸ்ஸுல ஏத்தி விட்ரு." தேனி பஸ் ஆரப்பாளையத்தில் என்பதை நான் பதிவாகவே எழுதியிருக்கிறேன், அதை வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, பெரியப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது, கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பது எல்லாம் என் தலையில். பிழை பார்த்துக் கொடுத்த பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே வேலை என்று எதுவும் போடவில்லை. தம்பி பெயருக்குக் கீழே மட்டும் கம்பெனி பெயர், ஊர் பெயர் எல்லாம் இருந்தது.

இன்னொரு கூட்டம் வீடியோக்காரர்கள். என் பதிவை அப்படியே வாசித்து வீடியோ போடுகிறார்கள். ஒரு மகராசன் "மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்" என்பதையும் சேர்த்து வாசித்திருந்தார். மேலே அவருடைய முகம்தான் இருந்தது.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் கேள்வியைத் தட்டியதுமே கூகுள் மேலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது. மீனாட்சியம்மன் கோவில் நடை மதியம் எப்போது சாத்துவார்கள், உள்ளே செல்போன் கொண்டு போகலாமா என்பதற்கெல்லாம் இனி என் பக்கத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாதிரிப் பக்கங்களை அழிக்க மாட்டேன், ஆனால் புதிதாக எழுதவும் போவதில்லை. என்னிடம் இன்னும் நிற்பது சர்க்கரைச் செம்பு பற்றிய பதிவு. அழகருக்குக் காட்ட, செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாய்க்கு வாழை இலை போட்டுக் கட்டி, மேலே சூடம் ஏற்றுவார்கள். இலையை அப்படியே மடக்கினால் கிழியும். அனலில் லேசாக வாட்டி, நடு நரம்பைச் சீவிவிட்டு, வாழை நாரை நனைத்துக் கட்ட வேண்டும். எங்கள் அம்மா கட்டும்போது ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்துப் போட்டேன். மதுரையிலிருந்து மும்பைக்குக் கல்யாணமாகிப் போன ஒரு பெண், மாமியார் வீட்டில் கேட்க ஆளில்லை, இதைப் பார்த்துத்தான் கட்டினேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஆட்கள் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்கள். அடுத்த வருடம் இந்த வகைதான் எழுதப் போகிறேன், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு காரியமும் செய்தேன், நீங்களும் செய்யலாம். ஒரு திருவிழாவுக்கு ஒரே பக்கம், முகவரியில் ஆண்டு இருக்கக் கூடாது. ப்ளாக்கரில் பதிவின் முகவரியிலேயே ஆண்டும் மாதமும் தானாக விழுந்துவிடும், அதற்காகவே வேர்ட்பிரஸுக்கு மாறினேன். வருடா வருடம் அதே பக்கத்தில் தேதியை மட்டும் திருத்தினால் பழைய பெயரும் இணைப்புகளும் அதிலேயே சேர்ந்துகொண்டே போகும். மீனாட்சியம்மன் கோவிலும் அழகர்கோவிலும் தனித்தனியாக நிகழ்ச்சி நிரல் வெளியிடும். இரண்டையும் பார்த்துத்தான் திருத்த வேண்டும், வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்பித் திருத்தினால் ஊர் சிரிக்கும்.

வேலைக்குப் போவதா என்று கேட்டீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால் உங்கள் ப்ளாக்கின் அடுத்த திருவிழா வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அரை நாள் வேலை ஏதாவது பார்த்துக்கொண்டே எழுதுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கமெண்டில் சொன்னால் எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆடி பிறப்பதற்குள் ஆவணி மூலத் திருவிழாப் பக்கத்தைத் திருத்த வேண்டும், புட்டுத் திருவிழாவுக்குக் கூட்டம் எந்தப் பக்கமாக வரும் என்று புது வரைபடம் ஒன்றும் பாக்கி இருக்கிறது.